ஒளிவட்டில் எழுதுவதும் படிப்பதும் காப்பதும்: ஒரு தொடக்க விளக்கம்

ஸ்கேன் மையத்தில் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களின் கையில் பெரிய உறை ஒன்று இருக்கும். ஃபிலிம், மருத்துவரின் அறிக்கை, இவற்றோடு மெல்லிய காகித உறையில் ஒரு சிடியும் அதற்குள் இருக்கும். வீட்டிலுள்ள மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்தச் சிடியைச் செருக இடமிருக்காது. அதே வீட்டு அலமாரியில் பழைய திருமண டிவிடி, பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழா விசிடி, எப்போதோ கணினியிலிருந்து எடுத்து வைத்த புகைப்படங்கள் என்று இன்னும் சில வட்டுகள் கிடக்கலாம். புதிதாக இவற்றைத் தேடி வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் வேறெங்கும் இல்லாத பதிவுகள் பல இவற்றில்தான் இருக்கின்றன. ஆகவே இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது இன்றைக்கும் அவசியம் என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு என்றும் இலங்கையில் இறுவட்டு என்றும் எழுதப்படும் சிடி, அதன் பின் வந்த டிவிடி, ப்ளூ-ரே ஆகிய மூன்றும் ஒளியைக் கொண்டு படிக்கப்படுவதால் ஒளிவட்டுகள் எனப்படுகின்றன. ஒரு பாட்டு ஏன் திக்குகிறது, கணினியில் ஓடும் டிவிடி ஏன் கூடத்துப் பிளேயரில் ஓட மறுக்கிறது, பெட்டிக்குள் பத்திரமாக இருந்த வட்டு ஏன் பத்தாண்டு கழித்து வெறுமையாகத் தெரிகிறது என்பன போன்ற கேள்விகளுக்கான விடை, பெரும்பாலும் வட்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒளி எதைப் படிக்கிறது

சிடியின் குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர். அதன் உடலில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில் ஒரே ஒரு தடம், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாக விரிந்து செல்கிறது. பழைய இசைத்தட்டில் ஊசி வெளியிலிருந்து உள்ளே நகரும். சிடியில் லேசர் உள்ளிருந்து வெளியே நகரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும் என்றால் அதன் நெருக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். இந்தத் தடத்தைப் பிரித்து நேராக நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும்.

கடையில் வாங்கும் பாட்டு சிடியில், இந்தத் தடம் நெடுக நுண்ணிய பள்ளங்கள் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் பூச்சும், அதற்கு மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும், அதற்கும் மேல் படமும் பெயரும் இருக்கும். கீழிருந்து 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் தடத்தின் மீது விழுகிறது. சமதளத்தில் பட்ட ஒளி நன்றாகத் திரும்பி வருகிறது. பள்ளம் உள்ள இடத்தில், பள்ளத்திலிருந்து திரும்பும் அலைகளும் அதைச் சுற்றியுள்ள தளத்திலிருந்து திரும்பும் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒளி மங்கிவிடுகிறது. பள்ளம் என்றால் 0, மேடு என்றால் 1 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், உண்மை அதுவன்று. பிரகாசம் மாறுகிற விளிம்புதான் 1. மாற்றமின்றி நீளும் தொலைவெல்லாம் 0 என எண்ணப்படுகிறது.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980இல் இதற்கான விதிகளை வகுத்தன. 1982இல் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது. இதன் பின் வந்தவையெல்லாம் இதே கருத்தைச் சிறுகச் சிறுகக் கூர்மையாக்கியவையே. லேசரின் அலைநீளம் குறையக் குறைய, அதை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். சிறிய புள்ளியால் சிறிய எழுத்தைப் படிக்க முடியும். 1996இல் வந்த டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கொண்டு 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள தடத்தைப் படிக்கிறது. அதனால் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட், இரண்டு அடுக்கு இருந்தால் 8.5 கிகாபைட் கொள்கிறது. 2006இல் வந்த ப்ளூ-ரே 405 நானோமீட்டர் நீலஊதா லேசரையும் 0.32 மைக்ரோமீட்டர் தடத்தையும் கொண்டது. ஓர் அடுக்குக்கு 25 கிகாபைட், இரண்டுக்கு 50. பார்வைக்கு மூன்றும் ஒரே அளவு வட்டுகளாக இருந்தாலும் சிடி டிரைவால் டிவிடியைப் படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ப்ளூ-ரே டிரைவுகள் பெரும்பாலும் மூன்றையும் படிக்கும், ஏனென்றால் அவற்றுக்குள் மூன்று அலைநீளங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன.

கீறல் விழுந்தும் ஓடுவது எப்படி

இத்தனை நுண்ணிய எழுத்தின் மேல் ஒரு தூசி விழுந்தாலே ஆயிரக்கணக்கான பிட்கள் மறைந்துவிடுமே என்று தோன்றலாம். மறையத்தான் செய்கின்றன. ஆனால் வட்டில் தரவு வந்த வரிசையிலேயே எழுதப்படுவதில்லை. திருக்குறள் நூல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் நடுவே எண்ணெய் சிந்தினால் நான்கைந்து குறள்கள் முழுதாகப் போய்விடும். அதற்கு மாறாக, ஒவ்வொரு குறளின் எழுத்துகளையும் பல பக்கங்களில் சிதறடித்து அச்சிட்டிருந்தால், அதே எண்ணெய்க் கறையால் ஒவ்வொரு குறளிலும் ஓரிரு எழுத்து மட்டுமே மறையும்; அதை யாரும் ஊகித்து நிரப்பிவிடலாம். சிடியில் தரவு இப்படித்தான் கலைத்து எழுதப்படுகிறது. கூடவே, மறைந்த எழுத்தைக் கணக்கிட்டு மீட்பதற்கான கூடுதல் பைட்களும் சேர்க்கப்படுகின்றன. ரீட்-சாலமன் எனப்படும் இந்தப் பிழைதிருத்த முறையால், தடத்தின் போக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக அழிந்த தரவைக்கூட ஒரு பிழையுமின்றி மீட்டுவிட முடிகிறது.

வட்டைத் துடைக்கும் முறை இதிலிருந்து பிறப்பதுதான். நாம் கண்ணாடித் தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாகச் சுழற்றித் துடைக்கிறோம். துணியில் ஒரு மணல் துகள் இருந்தால் அது தடத்தின் போக்கிலேயே நீளமான கீறலை இழுத்துவிடும். தொடர்ந்து பல மில்லிமீட்டர் தரவு ஒரே இடத்தில் அழிவதால் பிழைதிருத்தம் தோற்றுவிடுகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தால், அதே துகள் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே வெட்டிச் செல்லும். ஒவ்வொன்றிலும் இழப்பு மிகச் சிறியது. மென்மையான பருத்தித் துணி, தேவைப்பட்டால் சிறிது தண்ணீர், நடுவிலிருந்து வெளியே நேர்கோடு. இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். பெயர் எழுதியிருக்கும் மேல்பக்கத்தை மேசையில் தேய்த்தபடி வைக்கிறார்கள். சிடியைப் பொறுத்தவரை இது தலைகீழ். தரவு இருக்கும் அடுக்கு மேல்பக்கப் பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அடியில் விழும் கீறல் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக்கைத் தாண்டியாக வேண்டும். மேலே விழும் கீறலோ பூச்சோடு சேர்த்துத் தரவையே பெயர்த்துவிடும். டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது, தரவு நடுவில் பத்திரமாக இருக்கிறது. ப்ளூ-ரேயில் தரவு அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருப்பதால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் கடினமான காப்புப் பூச்சு போடுகிறார்கள்.

வெற்று வட்டில் எழுதுவது என்றால் என்ன

வீட்டுக் கணினியால் பிளாஸ்டிக்கில் பள்ளம் வார்க்க முடியாது. அதனால் சிடி-ஆர், டிவிடி-ஆர் போன்ற எழுதத்தக்க வட்டுகளில் ஒளியை உணரும் ஒரு சாயம் பூசப்பட்டிருக்கிறது. எழுதும்போது டிரைவின் லேசர், படிக்கும்போது இருப்பதைவிடப் பன்மடங்கு வலுவோடு எரிகிறது. அந்தச் சூட்டில் சாயம் நிரந்தரமாக மாறி, அவ்விடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பத் தொடங்குகிறது. பிளேயரின் கண்ணுக்கு அது பள்ளத்தைப் போலவே தெரியும். சிடியை ‘எரிப்பது’, ‘பர்ன் பண்ணுவது’ என்று சொல்வது வெறும் பேச்சுவழக்கன்று, அங்கே நடப்பது உண்மையிலேயே அதுதான்.

பாதி மட்டும் எழுதப்பட்ட ஒரு சிடி-ஆர் உங்களிடம் இருந்தால், அதைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி ஓர் அகலமான வளையம் சற்றே வேறு நிறத்தில் தெரியும். ஓரிடத்தில் அது கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிந்து, அதற்கு வெளியே விளிம்புவரை நிறம் மாறாத வெற்றிடம் தொடங்கும். எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கணினியின்றிக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எழுதும் வேலை நடுவிலிருந்து வெளியே நகர்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாயம் ஒருமுறை மாறினால் மாறியதுதான். அழித்து எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டுகளில் சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை இருக்கிறது. வலுவாகச் சூடாக்கி உடனே குளிரவிட்டால் அது ஒழுங்கற்ற நிலைக்குச் சென்று மங்குகிறது. மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் படிகமாகிப் பளபளக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் முறை இப்படி மாற்றலாம். நிலையாக வைத்திருக்க வேண்டியவற்றுக்கு ஆர்டபிள்யூ வட்டுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டின் பெரும்பலமே, தவறியும் அதை அழிக்க முடியாது என்பதுதான். கணினிக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்களாலும் முடியாது.

டிவிடியில் கழித்தல் குறி, கூட்டல் குறி என்று இரு வகை வட்டுகள் விற்கின்றன. இரு வேறு நிறுவனக் கூட்டணிகள் தனித்தனியே விதி வகுத்ததால் வந்த வேறுபாடு இது. இன்றைய டிரைவுகள் இரண்டையும் ஏற்கும்.

கணினியில் எழுதும்போது

எழுதும் மென்பொருளைத் திறந்ததும் முதலில் எழும் கேள்வி, பாட்டு வட்டா, தரவு வட்டா என்பதுதான். தொடக்கநிலையினர் மிகுதியாகத் தடுமாறும் இடமும் இதுவே. பாட்டு சிடியில் கோப்பு என்று எதுவும் கிடையாது; நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அளந்தெடுத்த எண்கள்), மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலித்தடம் என்ற கணக்கில் ஒலி அப்படியே நேராக எழுதப்படும். எண்பது நிமிடத்துக்கு மேல் அதில் இடமில்லை. அதே வட்டில் எம்பி3 கோப்புகளைத் தரவாக எழுதினால், நிமிடத்துக்குச் சுமார் ஒரு மெகாபைட் என்ற தரத்தில் நூற்றைம்பது பாடல்களுக்கு மேல் கொள்ளும். ஆனால் எம்பி3 தெரிந்த பிளேயர்தான் அதைப் பாடும். பழைய காரில் கேட்க வேண்டும் என்றால் பாட்டு சிடியாகவும், கணினியில் கேட்க வேண்டும் என்றால் தரவு சிடியாகவும் எழுதுவது நல்லது. டிவிடியிலும் இதே வேறுபாடு உண்டு. கைபேசியில் எடுத்த எம்பி4 காட்சியை அப்படியே டிவிடியில் நகலெடுத்தால் அது தரவு டிவிடி. பழைய பிளேயரில் ஓட வேண்டும் என்றால், அதை எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி, வீடியோ_டிஎஸ் என்னும் கோப்புறைக்குள் அதற்குரிய அமைப்பில் அடுக்கித் தரும் மென்பொருள் வேண்டும்.

கொள்ளளவிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 4.7 கிகாபைட் என்று உறையில் அச்சிட்டிருக்கும் டிவிடியை விண்டோஸ் சுமார் 4.38 என்றுதான் காட்டும். உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல்தான் வேறு. எண்பது நிமிட சிடி ஒன்று ஒலியாக எழுதினால் 84 கோடி பைட்களுக்கு மேல் கொள்கிறது, தரவாக எழுதினால் சுமார் 73 கோடி பைட்தான் கொள்கிறது. பாட்டில் ஒரு மாதிரி தவறினாலும் காது மன்னித்துவிடும், வங்கிக் கணக்கில் ஓர் இலக்கம் தவறக் கூடாது. அதனால் தரவு சிடியில் ஒவ்வொரு 2352 பைட் பகுதியிலும் 304 பைட்கள் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன.

தரவு வட்டுக்கு ஒரு கோப்பு முறைமையும், அதாவது கோப்புகளையும் அவற்றின் பெயர்களையும் வட்டில் அடுக்கிவைக்கும் ஒழுங்கும், தேவை. ஐஎஸ்ஓ 9660 பழையது, எல்லாக் கணினிகளுக்கும் புரிவது, ஆனால் கோப்புப் பெயர்களில் கண்டிப்பானது. தமிழில் பெயரிட்ட கோப்புகளை எழுதுகிறவர்கள் அதனோடு ஜோலியட் என்னும் விரிவையோ, யுடிஎஃப் முறைமையையோ தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ‘தாத்தா சஷ்டியப்த பூர்த்தி’ என்ற கோப்புறை வெறும் அடிக்கோடுகளாக வந்து நிற்கக்கூடும். ஒரே கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டினாலும் யுடிஎஃப்தான் பாதுகாப்பானது.

விண்டோஸில் வெற்று வட்டைப் போட்டதும், யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயருக்காகவா என்று இரண்டு தெரிவுகள் கேட்கப்படும். முதலாவது, கோப்புகளை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே போக இடம் தரும், ஆனால் பழைய பிளேயர்களும் சில கணினிகளும் அந்த வட்டைப் படிக்காமல் போகலாம். இரண்டாவதில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எழுத வேண்டும். பிறருக்குக் கொடுக்கும் வட்டுக்கும் நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய வட்டுக்கும் இரண்டாவதே சரி. லினக்ஸில் பிரசேரோ, கே3பி ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. விண்டோஸில் இம்க்பர்ன் இன்றும் நம்பகமானது. ஐஎஸ்ஓ என்று முடியும் கோப்பு, முழு வட்டின் அச்சு அசலான படிமம். அதைச் சாதாரணக் கோப்பாக நகலெடுக்காமல் ‘படிமத்தை எழுது’ என்ற தெரிவின் வழியாகவே எழுத வேண்டும். விண்டோஸ் 7 முதல் இதற்குத் தனி மென்பொருளே வேண்டியதில்லை.

ஒரே வட்டில் இன்று கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று பல அமர்வுகளாக எழுதலாம். ஒவ்வோர் அமர்வையும் மூடுவதற்கு இடம் செலவாகிறது. சிடியில் முதல் அமர்வுக்குச் சுமார் 22 மெகாபைட், அடுத்தடுத்தவற்றுக்குச் சுமார் 13 மெகாபைட். எழுதி முடித்தபின் வட்டை இறுதியாக மூடாவிட்டால், எழுதிய டிரைவைத் தவிர மற்ற பிளேயர்கள் அதை வெற்று வட்டாகவே கருதக்கூடும். ‘என் கணினியில் ஓடுகிறது, அவர்கள் வீட்டில் ஓடவில்லை’ என்ற முறையீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூடாமைதான்.

வேகத்தைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். சிடியில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் அது ஏறத்தாழ ஒன்பது மடங்கு அதிகம். 16 மடங்கு என்று குறித்த டிவிடியை 8 மடங்கில் எழுதினால் சில நிமிடங்கள்தான் கூடுதலாகும்; அந்த நிமிடங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. அதற்காக மிகக் குறைந்த வேகத்தில் எழுதுவதும் சரியில்லை, ஏனென்றால் இன்றைய சாயங்கள் ஓரளவு வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. முன்பெல்லாம் எழுதும் நடுவில் கணினி தடுமாறித் தரவு வரத்து நின்றால் வட்டு வீணாகும்; 2000இல் சான்யோ அறிமுகப்படுத்திய பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்கள் வந்தபின் டிரைவ் எழுத்தை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆனாலும் எழுதும்போது மேசையை ஆட்டாதீர்கள். வெளியே இணைக்கும் யுஎஸ்பி டிரைவாக இருந்தால், பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப்பில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். எழுதும் லேசருக்கு மின்சாரம் போதாமல் போவது அடிக்கடி நேர்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுதி முடிந்தது’ என்று திரையில் வருவது, லேசர் எரிந்து முடிந்தது என்பதற்கு மட்டுமே அறிகுறி. எழுதியது படிக்கக் கிடைக்கிறதா என்பது திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். மென்பொருளில் ‘சரிபார்’ என்ற பெட்டியில் குறியிடுங்கள். வட்டை வெளியே எடுத்து மீண்டும் போட்டுத் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். அதுவரை கணினியிலுள்ள மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.

கணினியில் பார்ப்பதும் கேட்பதும்

தரவு வட்டும் பாட்டு சிடியும் எந்தக் கணினியிலும் சிக்கலின்றித் திறக்கும். டிவிடி படம் அப்படியன்று. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் பார்க்கும் வசதி இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. விஎல்சி பிளேயரை நிறுவினால் போதும். கடையில் வாங்கும் டிவிடிகளுக்கு, எந்த நாடுகளில் அவை ஓடலாம் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியீடும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் மண்டலம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த டிவிடியைப் போட்டதும் மண்டலத்தை மாற்றவா என்று கணினி கேட்டால், யோசித்து விடை சொல்லுங்கள்; டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், அதன்பின் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

ஸ்கேன் சிடிக்கு வருவோம். அதைத் திறந்தால் நீட்சிப் பெயர்கூட இல்லாத கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எதைச் சொடுக்கினாலும் படம் வராது. அவை டைகாம் என்னும் மருத்துவப் பட வடிவத்தில் உள்ளவை. பெரும்பாலான மையங்கள் அதே வட்டில் ஒரு பார்வை மென்பொருளையும் வைத்துத் தருகின்றன. இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டைகாம் பார்வை மென்பொருளில் அந்தக் கோப்புறையை முழுதாகத் திறக்க வேண்டும். அடுத்த மருத்துவர் கேட்கும்போது வட்டு படிக்கப்படாமல் போகலாம் என்பதால், அதன் உள்ளடக்கம் முழுவதையும் அன்றைக்கே கணினியில் ஒரு கோப்புறையாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்திருப்பது

சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அஞ்சும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, வட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சராசரி வீட்டில் இது ஆண்டில் எந்த மாதத்திலும் நடவாத காரியம். நம்மால் முடிந்தது, வட்டுகளை வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில் வைப்பது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், கார் முகப்பு கூடவே கூடாது. கெட்டியான பெட்டியில் நூலைப்போல் நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் காலப்போக்கில் வளையும். பெயரை நடுத்துளையை அடுத்த தெளிவான வளையத்தில், மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் சிடியின் தரவு அடுக்கு நசுங்கும். காகித ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ஸ்டிக்கரைக் குறித்து நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்காவின் திருமண டிவிடி. 2007இல் படம் எடுத்துத் தந்தவர்கள், மணமக்கள் படத்தை அச்சிட்ட ஸ்டிக்கரை வட்டு முழுவதும் ஒட்டித் தந்தார்கள். அப்போது எல்லோருக்கும் அது பிடித்தது. பதினான்கு ஆண்டு கழித்துப் போட்டபோது, மாப்பிள்ளை அழைப்பும் தாலி கட்டுவதும் ஓடின; பந்தி தொடங்குமிடத்தில் படம் உறைந்தது. வெளியே எடுத்து மேசையின் விளிம்போடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரின் பசை சுருங்கி, வட்டு பப்படம்போல் மெல்லிதாக வளைந்திருந்தது. வளைவு மிகுவது விளிம்பில். எழுத்து நடுவிலிருந்து தொடங்குவதால், விளிம்பில் இருப்பது திருமணத்தின் கடைசிப் பகுதி. பாட்டி இலைக்கு இலை நின்று பரிமாறிய காட்சி அங்கேதான் இருந்தது. அவர் அசைந்து பேசும் வேறு பதிவு எங்களிடம் இல்லை.

இப்படிப்பட்ட நிலையில் செய்யக்கூடாதது, அதே டிரைவில் திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. பற்பசை தேய்ப்பதும் வேண்டாம். அது அடிப்பக்கக் கீறலை ஓரளவு மழுக்கலாம், வளைவையோ சாயத்தின் அழிவையோ ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டியது, வட்டைத் துடைத்து வேறு டிரைவுகளில் முயல்வதுதான். ஒன்றுக்குப் படிக்காத பகுதி இன்னொன்றுக்குப் படிப்பது வழக்கம், ஏனெனில் ஒவ்வொரு டிரைவின் லேசரும் வில்லையும் சிறிது வேறுபடும். லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்னும் கருவி முதலில் எளிதாகப் படிக்கக்கூடியவற்றை எல்லாம் படிமமாக எடுத்துவிட்டு, பிறகு விடுபட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பச் சென்று முயல்கிறது. எதைப் படித்தது, எதைப் படிக்கவில்லை என்று அது ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைப்பதால், வேறு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எழுதி வைத்ததே போதும் என்றிராமல், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வட்டுகளைப் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் புதிதாக எழுத வேண்டும். நம்மவர்கள் சுவடி செல்லரிப்பதற்கு முன் ஏடு பெயர்த்தெழுதியதும் இதே நோக்கத்தால்தான். முக்கியமானவற்றுக்கு இரண்டு வட்டுகள், அதுவும் இரு வேறு தயாரிப்புகள், அவற்றோடு ஒரு வன்தட்டு நகல் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். எம்-டிஸ்க் என்னும் வகை, சாயத்துக்குப் பதிலாகக் கல்லை ஒத்த கனிமப் பொருளில் எழுதுகிறது. ஆயிரம் ஆண்டு என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அந்த எண்ணை நான் நம்பியிருக்கமாட்டேன், ஆனால் கனிம அடுக்கு சாயத்தைவிட வெயிலையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. எழுதத்தக்க ப்ளூ-ரேயிலும் பெரும்பாலானவை கனிம அடுக்கு கொண்டவையே. எல்டிஎச் என்று குறித்தவை மட்டும் சாயம் பூசியவை, அவற்றைத் தவிர்க்கலாம். சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் எழுதத்தக்க ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டது. வெற்று வட்டுகளும் நல்ல டிரைவும் கிடைக்கும்போதே ஒரு டிரைவை வாங்கி வைத்துக்கொள்வது, பழைய வட்டுகள் வைத்திருக்கும் வீட்டுக்கு வீண் செலவாகாது.

அக்காவின் டிவிடியில், ஸ்டிக்கரை உரித்தால் வட்டு இன்னும் கெடும் என்று அஞ்சி அதைத் தொடவில்லை. மூன்றாவதாக முயன்ற டிரைவ், இரவு முழுக்க மெல்ல மெல்லச் சுழன்று, விடிவதற்குள் சில பகுதிகளைத் தவிர மற்றவற்றைப் படித்துவிட்டது. பந்தியில் இரண்டு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பாட்டி அப்பளம் வைத்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பது முழுதாக இருக்கிறது. அந்தப் படிமத்தை இரண்டு புதிய வட்டுகளில் எழுதி, இரண்டையும் வேறு டிரைவில் படித்துப் பார்த்துவிட்டு, நடு வளையத்தில் தேதியைக் குறித்து, ஒன்றை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன்.